ஐந்தாம் சுருள்

துலூத் துறைமுகத்தில் பனி.
கொட்டகைக்குள் நனைந்த கம்பளிக் கோட்டு வாடை.
திரையில் ஆர்வில்,
சலவைக்கடைக் கணக்குப்பிள்ளை,
தன் நிழலுக்கே தொப்பியைக் கழற்றி
வழிவிடுகிறான்.
கப்பல் கூலிகள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள்.

ஹில்மாவுக்குச் சிரிப்பில்லை.
பியானோவில் அவளுக்கு இது பதினோராவது இரவு,
இரண்டு வாரச் சம்பளம் பாக்கி.
கேட்கப் போனால்
முதலாளி க்ராக்ஸ்டாடின் சுருட்டுப் புகை
முந்திக்கொண்டு பதில் சொல்லும்.
இவள் திரும்பிவிடுவாள்,
நன்றி வேறு சொல்லிவிட்டு.

ஐந்தாம் சுருள்.
மீசைக்காரத் தடியன் கழுத்தைப் பிடிக்கிறான்.
ஆர்வில் முதன்முறையாகக் கையை ஓங்க,
படம் அறுந்தது.

வெறும் வெள்ளை.
எவனோ சீழ்க்கை அடித்தான்.
நிறுத்தச் சொல்லி
முதலாளி மாடியிலிருந்து கையசைத்தார்.

விரல்கள் நிற்கவில்லை.
இடது கையால் தடியனைச் சாய்த்தாள்;
வலது கையில் சலவைத்தொட்டி கவிழ்ந்து
படிக்கட்டில் உருண்டு உருண்டு
நுரை தெருமுனை வரைக்கும் போனது.
ஒன்றுமே இல்லாத திரையைப் பார்த்து
கொட்டகை எழுந்து நின்று கத்தியது:
"இன்னொண்ணு போடு!"
போட்டாள்.

விளக்கு வந்ததும்
பியானோ மூடியைச் சாத்திவிட்டு
மாடிப்படி ஏறினாள், புகை வரும் கதவை நோக்கி.
முழங்கால் ஆடியது.
பதினோரு இரவாகப் பார்க்கிறாளே,
ஆர்விலுக்கும் அந்த இடத்தில்
ஆடும்.