நான்கெல்லை

காலை பத்தேகால் வரை நான் ஒரு தீவின் கடவுள்.
அப்புறம் ஷட்டரைத் தூக்கி
"த. சுகிர்தா, ஆதாரம் எழுத்து" என்ற பலகைக்குக் கீழே
வருகிறவர்களுக்கான நாற்காலியைத் துடைக்கிறேன்.

புதுக்கடை சந்திப்பில்
மார்த்தாண்டம் பேருந்து திரும்பும்போதெல்லாம்
என் மேசை நடுங்கும்.
என் ஆறு பாகங்களிலும் அடிக்கடி நிலம் அதிர்வதற்கு
அதைத் தவிர வேறு மர்மம் கிடையாது.

எங்கிருந்து வருகிறது இதெல்லாம் என்கிறார்கள்.
கனவிலிருந்து என்றால் சந்தோஷப்படுவார்கள்.
எனக்குக் கனவே வராது, படுத்தால் கட்டை.
வில்லங்கச் சான்றிலிருந்து வருகிறது.
ஒரே பலாமரத்துக்கு மூன்று வீட்டுக்காரர்கள்
முப்பது வருடம் வழக்காடியதிலிருந்து.
"மேற்படி பாதையில் பிணம் கொண்டுபோக உரிமை உண்டு,
கல்யாண ஊர்வலம் கிடையாது" என்று
யாரோ எப்போதோ எழுதிவைத்த வரியிலிருந்து.
அந்த ஒரு வரிக்காகத்தான்
இரண்டாம் பாகம் முழுவதும்.

பிடித்தது சீனி போடாத கட்டன் சாயா.
தோல் கறுக்கத் தொடங்கிய மட்டிப்பழம்.
மழை நின்ற பிறகும்
ரப்பர் தோட்டத்துக்குள் பெய்துகொண்டிருக்கும் மழை.
பேருந்து நேர அட்டவணையை
கடைசி வரி வரை வாசிப்பேன், முடிவு தெரிந்தும்.

தீர்க்கதரிசனம் பிடிக்காது.
மச்சத்தோடு பிறக்கும் இளவரசனை
என் தீவில் தோல் டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள்.
போர் எழுத வராது.
ஐந்தாம் பாகத்தில் இரு படைகளும் எதிரெதிரே நின்று
தங்கள் எல்லைகளை உரக்க வாசித்தன,
எழுபது பக்கம்.
பதிப்பாளர் பெர்லின் போனில் அழுதேவிட்டார்.

மத்தியானம் ஒரு கையில் மரச்சீனியும் சாளைக் குழம்பும்.
மறு கை, வீணான நகல்களின் முதுகில் தீவு.
பறவைகளின் அரசி ஒருமுறை
தவறி ஓர் ஒற்றி ஆதாரத்துக்குள் விழுந்துவிட
பதிவாளர் கேட்டார்:
"இது யாரு, வாரிசா?"

ஜூன் மாதம், கடல் சீறிய வாரம்,
இரயுமன்துறையிலிருந்து ஜெசிந்தாள் வந்தார்.
இரண்டரை சென்ட். தங்கை பேருக்கு எழுதவேண்டும்.
பழைய ஆதாரத்தை வாசித்தேன்.
வடக்கே பாதை. கிழக்கே லூர்தம்மாள் வீடு.
மேற்கே குருசடி. தெற்கே கடல்.

"அத மாத்தணும். பாத போச்சு.
லூர்தம்மா வீடும் குருசடியும் போச்சு.
நாலு பக்கமும் கடலுன்னு போடுங்க."

வீடு?

"அதுவும் கடலுதான்."

அப்புறம் எதை எழுதிக் கொடுக்க?
கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கெணறு உண்டும்லா."

அலை உள்வாங்கும்போது உறை தெரியுமாம்.
உள்ளே இன்னும் நல்ல தண்ணீராம்.
போன வாரம்கூடத் தங்கச்சி மோந்து குடித்தாளாம்.

பதிவாளர் வாங்கமாட்டார் என்றேன்.
"நீங்க எழுதுங்க."

எழுதினேன்.
வடக்கே கடல், தெற்கே கடல்,
கிழக்கே கடல், மேற்கே கடல்.
இந்நான்கெல்லைக்கு உட்பட்ட இரண்டரை சென்டும்
அதிலுள்ள கிணறு ஒன்றும்
கிணற்றிலுள்ள தண்ணீரும்
இன்று முதல் சர்வ சுதந்திரமாய்.

மேசை நடுங்கியது.
பேருந்து எதுவும் திரும்பவில்லை.

பதிவாகவில்லை.
ஜெசிந்தாள் அதை மடித்து
பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டார்.

ஏழாம் பாகத்தில், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்,
கடலுக்குள் ஒரு கிணறு இருக்கிறது.
என்ன கற்பனை, என்ன கற்பனை என்று
ஈரோட்டிலிருந்து ஒரு கடிதம், பச்சை மையில்.

எழுத்துக்கூலி நானூற்று எண்பது.
அவர் ஐநூறு தந்தார், என்னிடம் சில்லறை இல்லை.
பிறகு வாங்கிக்கிடுதேன் என்று போனவர்
இன்னும் வரவில்லை.

கிணற்றைக் கேட்காமல் எடுத்ததைப் பற்றி
நான் யாரிடமும் பேசுவதில்லை.
இருபது ரூபாய் தரவேண்டியிருக்கிறது என்று மட்டும்
அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.