வாகன வகை

இரவு இரண்டே முக்கால்.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாம் தடம்.
ஹாரன் இல்லை, முகப்பு விளக்கு இல்லை,
என் சன்னலுக்கு மேலே ஒரு முகம் மட்டும்
அசைபோட்டபடி குனிந்து பார்த்தது.

"ஓசூர் தேருக்குப் போறோம்மா
பிள்ளைங்கள ஏத்தி எறக்க.
நூரிக்கு எவ்ளோ?" என்றார்
கயிற்றைப் பிடித்திருந்த மக்பூல் பாய்.

பலகையை எட்டிப் படித்தேன்.
கார், ஜீப், மினி பஸ்,
ஏழு அச்சுக்கு மேற்பட்டவை.
ஸ்கேனர் திமிலைத் தடவிவிட்டுச்
சிவப்பாகவே நின்றது.
வாக்கிடாக்கியில் சம்பங்கி சார்
தூக்கத்தோடு கேட்டார்:
"எத்தனை அச்சு?"

பக்கத்துத் தடத்தில்
பர்கூர் கல் ஏற்றிய லாரி
மாவாய்த் தூசி கிளப்பிப் போனது.
நான் முகக்கவசத்தைத் தேடுவதற்குள்
நூரி மூக்கைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டது,
இரண்டு வரிசை இமைமயிரையும் இறக்கிவிட்டது.
அது பிறந்தது ஹைதராபாத் சந்தையில்.
பாலைவனத்தைப் பார்த்ததே இல்லையாம்.

"தண்ணி?"
"மயானக்கொள்ளை அன்னிக்கு
காவேரிப்பட்டினத்துல குடிச்சது.
அஞ்சு நாளா வெச்சா மோந்துட்டு விட்டுடுது.
வேலிக்காத்தான் மேய்ஞ்சே வருது,
முள்ளோட."

எனக்கு வியப்பில்லை.
கழிப்பறை பத்துத் தடம் தாண்டி அந்தப் பக்கம்;
சாவி சார் மேசையில்;
மாற்றாள் வராமல் எழக்கூடாது.
ஜரீனா, மஞ்சுளா, நான்,
இரவுப் பணியில் யாரும் குடிப்பதில்லை.
என் பாட்டில் வீட்டிலிருந்து வந்தபடியே
வீட்டுக்குப் போகும்.

"திமில்ல தண்ணி இருக்குமா பாய்?"
"தண்ணியா? எல்லாம் கொழுப்பு."

சாவி கேட்டால்
சார் என்னைச் சொல்வதும் அதேதான்.

அப்போதுதான் அது பார்த்தது,
தீயணைக்க வைத்திருந்த நீல டிரம்மை.
கழுத்தை நீட்டி உதட்டை வைத்தது.
உறிஞ்சும் சத்தம்கூடப் பெரிதாக இல்லை.
கழுத்தில் மட்டும்
உருண்டை உருண்டையாய் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது.
பத்து நிமிடம் இருக்கும்.
டிரம்மின் பாதிக்குக் கீழே
பழைய பாசிக் கோடு தெரிந்தது.
பின்னால் இரண்டு லாரிக்காரர்கள்
இறங்கி வந்து வீடியோ எடுத்தார்கள்.

'விலக்கு' என்று அடித்தேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்
ஒரு புள்ளி வைத்தேன்.
தடுப்புக் கட்டை ஏறியது.
மூட்டை, சேணம், மணி, நூரி எல்லாம்
ஓசூர்ப் பக்கம் இருட்டில் கரைய,
தார்ச்சாலையில் குளம்புச் சத்தமே இல்லை;
மெத்தென்ற பாதம், செருப்பில்லாமல் நடப்பதுபோல்.

பிறகு
பாட்டிலைத் திறந்தேன்.
முழுசாகக் குடித்தேன்.
'தடம் மூடப்பட்டது' பலகையை வைத்துவிட்டு
சாவியை எடுத்துக்கொண்டு
பத்துத் தடத்தையும்
குறுக்கே நடந்தேன், மெதுவாக.

ஹாரன் அடித்தார்கள்.
அடிக்கட்டும்.