மரம் எண் 2216

தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பது.
எனக்கு அது தோளுக்குக் கொஞ்சம் கீழே.
அங்கே நாடாவைச் சுற்றி
எண்ணைக் கத்துவேன்,
ஜெயக்கொடி டேப்லெட்டில் தட்டுவாள்.
மன்னவனூருக்கு மேலே
மழை விட்ட நாளென்றால்
சாயங்காலத்துக்குள் நூற்றிருபது மரம்.

சுற்றளவிலிருந்து விட்டம்
விட்டத்திலிருந்து எடை
எடையில் பாதி கரி
கரியை மூன்று புள்ளி ஆறேழால் பெருக்கினால்
எங்கோ ஒரு சுரங்கத்தில்
ஒரு டிப்பர் விடாத புகை.
விட்டதுதான்.
விடாததாக எழுதிக்கொள்ளலாம்.

அந்தச் சுரங்கத்தை நான் பார்த்ததில்லை.
கம்பெனி காலண்டரிலும் இல்லை.
பன்னிரண்டு மாதமும் எங்கள் மலைதான்.
ஏப்ரலில் ஓரமாக
என் முழங்கை.

பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்:
இருபது வருடத்தில் நிகரம் பூஜ்யம்.
டன்னுக்கு இவ்வளவு புகை என்பது
ஆண்டுக்காண்டு குறைகிறது.
டன் எவ்வளவு என்று
பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.
அது கூடியிருக்கிறது.
கல்லை உருக்குகிற புகையோ
வாங்குகிறவன் கணக்கு,
அறிக்கையில் அதற்கு
அடிக்குறிப்பு உண்டு, பொடி எழுத்தில்.
பிறகு சமோசா கொடுத்தார்கள்.

நிலவகை என்ற கட்டத்தைத் தொட்டால்
மூன்று சொல் இறங்கும்:
காடு, தோட்டம், தரிசு.
புல்லுக்குச் சொல் இல்லை.
முழங்கால் உயரம் பனியோடு நின்ற சரிவு முழுக்க
ஜெயக்கொடியின் ஒரு விரலில்
தரிசாயிற்று.
தரிசில் நடலாம்.
நட்டார்கள். சீகைக்குச் சித்தப்பன் மாதிரி ஏதோ ஒன்று,
ஆறே வருடத்தில் என் தலைக்கு மேல் மூன்று ஆள்.
கீழே கேரட் கழுவுகிற ஓடை
இந்த வருடம் மாசியிலேயே நின்றுவிட்டது.
அதைத் தட்ட
டேப்லெட்டில் கட்டம் தேடினோம்.

மரத்துக்கு ஒரு தகடு, ஒரு ஆணி.
வெள்ளை உலோகம், துருப்பிடிக்காது.
இது எங்கேயிருந்து வருது அண்ணே என்றேன்.
ஜீப்புக்கு டீசல் ஊற்றிக்கொண்டே
ஹபீபுல்லா பெருமையாகச் சொன்னார்:
"நம்ம கம்பெனிக் கல்லு தாம்மா.
அலுமினியம்."

ஐப்பசிக் காற்றில் 2216 விழுந்தது.
வேர் மேலே, தகடு வானத்தைப் பார்த்து.
பழக்கதோஷத்தில் நாடாவை எடுத்தேன்.
படுத்திருக்கிற மரத்துக்கு
மார்பளவு எது?
அலுவலகத்தைக் கூப்பிட்டேன்.
"நீக்கிடாதீங்க பெர்னதெத்" என்றார் வைத்தீஸ்வரன்,
"சரிபார்ப்பு நிலுவைன்னு போடுங்க.
அது போன மார்ச்லயே வித்தாச்சு."
போட்டேன்.
சம்பளம் பதினாலாயிரத்து ஐநூறு.
ஒன்றாம் தேதி தவறியதில்லை.
கம்பெனி இலக்குகளில்
நான் கண்ணால் கண்டது அது ஒன்றுதான்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது
மரம் இல்லை, குழி இருந்தது.
பூம்பாறை டீக்கடையில்
அடுப்புக்குப் பக்கத்தில் விறகு அடுக்கியிருந்தது.
ஈர விறகு.
கடை முழுக்கப் புகை, ஜெயக்கொடிக்கு இருமல்,
ஹபீபுல்லா இன்னொரு டீ சொன்னார்.
அடுக்கில் மூன்றாவது கட்டையில்
மினுமினுவென்று எண்.
கடைக்காரர் பார்க்காதபோது
சாவியால் நெம்பி எடுத்துப்
பையில் போட்டுக்கொண்டேன்.
எதற்கென்று தெரியவில்லை.

வீட்டில் பூண்டு நிறுக்கிற தராசு இருக்கிறது.
முள் வைத்தது, பழசு,
பத்து கிலோ வரை காட்டும்.
இராத்திரி எல்லோரும் தூங்கியபின்
தகட்டை அதில் வைத்தேன்.
குனிந்து பார்த்தேன்.
தட்டை விரலால் தட்டியும் பார்த்தேன்.
முள்
இருந்த இடத்திலேயே இருந்தது.