வரிசை எண் 2316

தெஸ்னா ஆற்றின் இக்கரையில்
கூரையில் பாதி தார்ப்பாயாகிவிட்ட நகராட்சியில்
வீட்டுவசதிப் பிரிவு என்பது
நானும், ஒரு ஹீட்டரும், தடித்த பேரேடும்.

பேரேட்டின் முதல் பெயர் எழுபத்து நான்கில் ஏறியது.
அதற்கு நேரே, 'காலமானார்'.
அடுத்த பக்கம் முழுக்க அதே சொல்.
வரிசை நகரவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.
முன்னால் நின்றவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

சென்ற மாதம் நிலவறையில் கூடிய கவுன்சில்
ஏழுக்கு ஆறு என்று வரிசையை ஒழித்தது.
இனிமேல் புள்ளிகள்.
இடிந்த வீட்டுக்கு இத்தனை, இழந்த காலுக்கு இத்தனை,
பள்ளி செல்லும் பிள்ளைக்கு இத்தனை.
வாடகை, வருமானத்தில் கால்பங்கைத் தாண்டாது.
வீடு நகரத்துடையது, விற்க முடியாது.
போருக்கு முன்பே
விற்றும் எழுதிக்கொடுத்தும்தானே
கையில் ஒரு சாவி இல்லாமல் நின்றோம்.

மகார் தொவ்ஹோபொல் வந்தார்.
பேருந்துப் பணிமனை மெக்கானிக்,
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.
எண்பத்தெட்டில் விண்ணப்பித்தவர்.
"இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு" என்று
சொந்த ஊரைச் சொல்வதுபோல் சொன்னார்.
"காத்திருந்ததற்கு எத்தனை புள்ளி?"

அட்டவணையை அவர் பக்கம் திருப்பினேன்.
அந்தக் கட்டம் இல்லை.
காத்திருப்பும் ஒரு சேதம் என்று
யாருக்கும் தோன்றவில்லை.
எனக்கும்தான்.
அதைத் தட்டச்சு செய்தவள் நான்.

அவருக்கு முன்னே, மரியுபோலிலிருந்து வந்த ஸோரியானா,
இரட்டைப் பிள்ளைகள், நாற்பத்தொரு புள்ளி.
அந்தப் பிள்ளைகளுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு
நின்றுகொண்டே சண்டை போட்டார்,
என்னோடு மட்டும்.

தொழிலாளர் விடுதியில் அவர் அறையின் மேற்குச் சுவர் போனதற்கு,
வயதுக்கு, மூட்டுக்கு...
கூட்டினேன். மறுபடி கூட்டினேன்.
எல்லைக்கோட்டுக்கு மேலே ஒரே ஒரு புள்ளி.
ஏப்ரலில், ஐந்தாம் மாடி, ஒற்றை அறை, லிஃப்ட் உண்டு.

'உரிமையாளர்' என்றிருந்ததை அடித்து
'வாடகைதாரர்' என்று மேலே அச்சிட்ட படிவம்.
பேனாவைத் தொடவில்லை.
"நான் செத்தால்?"
வேறொருவர் வருவார்.
"யார்?"
தெரியாது.
"அப்படியானால் இப்போதே
எனக்குப் பின்னால் ஒரு வரிசை நிற்கிறது."
ஹீட்டரைப் பார்த்தபடி இருந்தார்.
"சுவரில் ஆணி அடிக்கலாமா?"

பதினெட்டுப் பக்க விதிகளைப் புரட்டினேன்.
சன்னல் அளவு, குப்பைத்தொட்டி, நாய்க்கான நிபந்தனை.
ஆணியைப் பற்றி ஒன்றுமில்லை.
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
அடிக்கலாம்.
முத்திரையும் வைத்தேன்.
மை கொஞ்சம் வழிந்தது.