எடைமேடையில் பனி

பகாவ் பட்டணத்துக்கு வெளியே எண்ணெய் ஆலை.
அதன் வாசலில் என் கண்ணாடிக் கூண்டு, இரவு வேலை.
லாரி உள்ளே போனால் எடை, வெளியே வந்தால் எடை.
நடுவில் கிடைக்கும் நேரத்தில்
கைப்பேசிக்குள் யாராவது மலை ஏறிக்கொண்டிருப்பான்.

மலைப்படம் என்றால் எனக்குப் பைத்தியம்.
காதல் படத்தில் யார் யாரை விட்டுப் போவார்களென்று
முதல் பாட்டிலேயே தெரிந்துவிடுகிறது.
மலையில் அப்படியில்லை.
கயிறு தாங்குமா, அடுப்பில் வாயு தீருமா,
தாடியில் உறைந்த துளி விழுமா,
அதற்குள் ஹாரன்.
இருபத்தாறு டன் நானூற்று இருபது.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால்
அதே விளிம்பில் அவன் தொங்குகிறான்,
பாவம், எனக்காகக் காத்து.

நான் பனியைத் தொட்டது
மீன்கார ஆ சூனின் பெட்டியில் மட்டும்.
அதற்குக் கெம்போங் மீன் வாசம்.

கார்த்திகை அடைமழை. இறக்குமேடையில் நீண்ட வரிசை.
பழக்குலைகளின் மேல் உட்கார்ந்து வந்த ரொபியுல்
குதித்து, என் கூண்டோரம் ஒதுங்கினான்.
குலை வெட்டுகிறவன். வங்காளதேசம்.
ஜன்னல் வழியே திரையைப் பார்த்துவிட்டு
"இந்த மாதிரி மலை எங்க ஊர்லேந்து தெரியும், அக்கா" என்றான்.
நெல் அறுக்கும் மாதம், வானம் துடைத்த விடியலில்
வயலுக்கு அப்பால் முதலில் சிவப்பு, பிறகு வெள்ளை,
ஒன்பது மணிக்கு ஒன்றுமே இருக்காதாம்.
நான் நம்பவில்லை.
தூரத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும்
ஊரில் ஏதாவது ஒன்றை உயரமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

படத்தில் புயல். கூடாரத்துக்குள் ஒருவன்
பிஸ்கட்டை எண்ணுகிறான். ஒன்பது.
மூன்றை உடனே தின்கிறான்.
ரொபியுல் நாக்கைத் தட்டினான்.
"தப்பு. முதல் நாள் பசி பொய்.
அதுக்குச் சோறு போடக்கூடாது.
நாலாம் நாள் வரும் பாருங்க, அதுதான் பசி."
உனக்கெப்படித் தெரியும் என்றேன்.
"வந்தேனே. படகு. அப்புறம் காடு."
இரண்டு கையையும் விரித்தான்,
பிறகு ஒற்றை விரல்.
எத்தனை பேர் கிளம்பினீர்கள் என்று நான் கேட்கவில்லை.
மழை கூரையில் கொட்டியது.

ஹெலிகாப்டர் வந்துவிட்டது. வயலின்கள் வந்துவிட்டன.
ஆஸ்பத்திரியில் மனைவி அழுகிறாள், அழகாக.
"இவனை மேலே போகச் சொன்னது யாரு?"
யாருமில்லை, அவனாகப் போனான்.
"கடனா?"
இல்லை.
"சம்பளம் அதிகமா?"
சம்பளமே இல்லை. இவன்தான் காசு கட்டினான்.
ரொபியுல் சிரித்தான். இருமல் வரும்வரை,
தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
காசு கட்டி! காசு கட்டி!
அப்புறம் சட்டென நிறுத்தி
உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்தபடி,
"நானும் கட்டினேன்" என்றான்.
"பதினாறாயிரம் ரிங்கிட்."

லாரி காலியாகி மேடைக்குத் திரும்பியது.
ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டான்.
வெற்று எடைக்கு ஆள் இருக்கக்கூடாது, விதி.
மைக்கில் சொன்னேன், இறங்கினான்.
பச்சை எண்ணில் அறுபது குறைந்தது.

அவர்கள் போன பிறகுதான் உறைத்தது:
உள்ளே வரும்போது அவன் குலைகளின் மேல்தான் இருந்தான்.
சீட்டுப்படி ரொபியுல்
ஆலைக்குள் போன பழம். அறுபது கிலோ.
திருத்த ஒரு படிவம் இருக்கிறது, மூன்று பிரதி,
காரணம் எழுத ஒரு கட்டம்.
பேனாவைத் திறந்தேன்.
கட்டம் மிகவும் சிறியது.

கைப்பேசியில் அடுத்த படம்
தானாகவே ஏறத் தொடங்கியிருந்தது.