வானவழி மாப்பிள்ளை

முசான்சே மலைச்சரிவில்
குளவி இரைவதுபோல் ஒரு சத்தம்.
முகாந்தோலி மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

விடிகாலையில் பன்றியின் முதுகை அழுத்திப் பார்த்திருந்தாள்.
அசையாமல் நின்றது.
இன்றைக்கு விட்டால் இன்னும் மூன்று வாரம்.

போன தடவை கிகாலியிலிருந்து
பஸ்ஸில், பிறகு மோட்டார் சைக்கிளில் வந்த குப்பி
வழியிலேயே வெந்துபோனது.
ஒரு குட்டிகூடத் தங்கவில்லை.
மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு
வேலிக்கு அந்தப்பக்கம்
செபாகாபோவிடம் கை நீட்டினாள்.

இதோ,
காகிதக் குடை விரித்து இறங்குகிறது பெட்டி.
ட்ரோன் நிற்கவில்லை. ஒரு வட்டம், அவ்வளவுதான்;
திரும்பிப்போய் யாருக்கோ ரத்தம் எடுத்துவர வேண்டுமாம்.

விழுந்தது செபாகாபோவின் கோஸ் தோட்டத்தில்.
"மாப்பிள்ளை வந்தாச்சு, மேளம் எங்கே?" என்றான்.
அவள் காதில் வாங்கவில்லை.
கால்நடை டாக்டர் கயிதேசி வெப்பமானியைத் திருப்பிக் காட்டினாள்:
பதினேழு டிகிரி.
உயிரோடுதான் இருக்கிறது.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது
மறுபடி வந்தான்,
நசுங்கிய இரண்டு கோசுடன்.
"இதற்கு யார் காசு?"

வாங்கிப் பன்றிக்குப் போட்டாள்.
"கல்யாணச் சாப்பாடு.
உன் பேரில் மொய் எழுதிக்கொள்கிறேன்."