ஷேடு கார்டு

குண்டடம் தாண்டி
சோளத்தட்டு அறுத்த காட்டில்
காற்றாலைகளுக்கு நடுவே மூன்று கேமரா.
பனி இறங்கும் லென்ஸுக்கு ரெஜினா
சூடம் காட்டுவதுபோல ஹேர் டிரையர் காட்டுகிறாள்.
பழநிக்கு நடக்கிறவர்கள் அடித்த டார்ச்
பதினேழாவது படத்தைக் கெடுத்துவிட்டது.

நிழல் ஏற ஏற ஷட்டரைத் தாமதிக்கிறோம்:
எட்டில் ஒரு நொடி, அரை நொடி, இரண்டு.
முழுசும் மூடியது.
காற்றாலைத் தலைகளில் எரிந்தணையும் சிவப்புக்கும்
மேலே இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

"கலர் தப்புங்க" என்றார் நாச்சிமுத்து
திரையைப் பார்த்து.
இருபது வருஷமாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறையில்
துணியை விளக்குப் பெட்டிக்குள் நீட்டி
ஓகே, ரிஜெக்ட் சொல்லும் கண்.
"அசலுல பழுப்பு தூக்கலா இருக்குது.
கீழோரம் செங்கல். நடுவுல..."

நடுவில் என்னவென்று சொல்லவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து
மறுபடி பார்த்தார்.
இரண்டு படம் எடுக்க மறந்தோம்.

அப்புறம் கிழக்கோரத்தில்
ஒரு வெள்ளைக் கீற்று.
"போச்சு, வாஷிங்கிலேயே சாயம் விட்டிருச்சு"
என்று சிரித்தார்.
வெளிச்சம் ஏறியதும்
பக்கத்துக் காட்டு நாய்
அப்போதுதான் எங்களைக் கண்டதுபோல்
குரைக்கத் தொடங்கியது.